இரண்டு ஊர்களுக்கு நடுவே விமான தூரம், பறக்கும் நேரம்: நாமே கணக்குப் போடுவது எப்படி?

"சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு எவ்வளவு நேரம்?" என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். ஒரு பக்கம் மூன்று மணி நாற்பது நிமிடம் என்று சொல்லும், இன்னொன்று நாலேகால் என்று சொல்லும், டிக்கெட்டில் நாலரை என்று இருக்கும். மூன்றுமே சரியாக இருக்க வாய்ப்பிருக்கிறது. ஒவ்வொன்றும் கடிகாரத்தை ஒவ்வொரு இடத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு இடத்தில் நிறுத்துகிறது, அவ்வளவுதான்.

இதை நான் உட்கார்ந்து கற்றுக்கொண்டது அம்மாவால். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து முதல்முறையாகத் தனியாக என்னைப் பார்க்க சிங்கப்பூர் வந்தார். அந்த வாரம் திருச்சியிலிருந்து டிக்கெட் கிடைக்கவில்லை, சென்னை வழியாகப் போட்டேன். "நாலு மணி நேரம்மா, கண்ணை மூடித் திறந்தா வந்துடும்" என்று போனில் சொன்னேன். விமானம் கிளம்புவதற்கு முன்பு தரையிலேயே முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறது. அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். நாலு மணி தாண்டியும் கீழே கடல்தான் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் கேட்கத் தயங்கி, என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து, பிரார்த்தனை செய்துகொண்டே வந்து இறங்கினார். வெளியே வந்து என் கையைப் பிடித்தபோது கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. அன்றைக்கு நான் சொன்ன கணக்கு தப்பு. அப்படி யாரும் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்றுதான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

படி 1: ஊர் இல்லை, விமான நிலையம்

தூரத்தை அளக்க இரண்டு புள்ளிகள் வேண்டும். "லண்டன்" என்பது புள்ளி கிடையாது, அங்கே ஹீத்ரோ, காட்விக் என்று பல நிலையங்கள் இருக்கின்றன. டோக்கியோவில் ஹனேடா ஊருக்குள்ளேயே இருக்கிறது, நரிட்டா ஊரை விட்டு 60 கி.மீ. தள்ளி இருக்கிறது. அதனால் டிக்கெட்டில் இருக்கும் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். சென்னைக்கு எம்ஏஏ, சிங்கப்பூர் சாங்கிக்கு எஸ்ஐஎன், திருச்சிக்கு டிஆர்இசட்.

அடுத்து அந்த நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை. வரைபடச் செயலியில் ஓடுபாதை மேல் விரலை வைத்து அழுத்தினால் இரண்டு எண்கள் வரும். நமக்கு வேண்டியவை இவை:

சென்னை: வடக்கு 12.99, கிழக்கு 80.17
சாங்கி: வடக்கு 1.36, கிழக்கு 103.99

படி 2: நேர்த்தூரம்

பூமி உருண்டை. அதன் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மிகக் குறுகிய வழிக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். பள்ளிக்கூடத்து உலக உருண்டை வீட்டில் இருந்தால் ஒரு நூலை இரண்டு ஊர் மேலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள், நூல் போகிற வழிதான் அது. தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் ஏமாந்து போவோம். டெல்லியிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு நூலை இழுத்தால் அது வட துருவத்தை ஒட்டிப் போகும், வரைபடத்தில் பார்க்கும்போது அப்படித் தோன்றவே தோன்றாது.

நூல் வேண்டாம், எண் வேண்டும் என்றால் போனில் இருக்கும் சயின்டிஃபிக் கால்குலேட்டர் போதும். பிளஸ் டூவில் படித்த சைன், கோசைன் இங்கே உதவும். அதற்கு முன்னால் கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், ரேடியனில் இருந்தால் எல்லாமே கோணலாக வரும்.

முதலில் இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.2248 × 0.0237 = 0.0053.

அப்புறம் இரண்டு அட்சரேகைகளின் கோசைன் மதிப்புகளையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனையும் பெருக்குங்கள். வித்தியாசம் 103.99 − 80.17 = 23.82 டிகிரி. அதாவது 0.9744 × 0.9997 × 0.9148 = 0.8911.

இரண்டையும் கூட்டினால் 0.8964. இதற்குத் தலைகீழ் கோசைன் (கால்குலேட்டரில் cos⁻¹ பொத்தான்) போட்டால் 26.3 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. என்று பெருக்கினால் 2,925 கி.மீ. முடிந்தது. பூமி துல்லியமான கோளம் இல்லை, துருவங்களில் கொஞ்சம் தட்டை, அதனால் சில கி.மீ. முன்னே பின்னே வரும். பயணம் போகிற நமக்கு அது பொருட்டே இல்லை.

இரண்டு ஊரும் வடக்கு தெற்காக ஒரே நேர்கோட்டில் இருந்தால் இந்தப் பெருக்கல் எல்லாம் தேவையே இல்லை. சென்னையையும் யாழ்ப்பாணத்தையும் பாருங்கள். யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியின் தீர்க்கரேகை 80.07, மீனம்பாக்கத்தின் தீர்க்கரேகை 80.17, ஏறக்குறைய ஒன்றுதான். அட்சரேகை வித்தியாசம் மட்டும் 3.2 டிகிரி. 3.2 × 111 என்றால் 355 கி.மீ. மனக்கணக்காகவே வந்துவிடுகிறது. சென்னையிலிருந்து மதுரைக்குப் போவதை விடக் கிட்டம் என்று சொல்லும் அளவுக்குப் பக்கம், பல பேர் இதைக் கேட்டு ஆச்சரியப்பட்டுப் பார்த்திருக்கிறேன்.

கையால் போட விருப்பம் இல்லாதவர்கள் கிரேட் சர்க்கிள் மேப்பர் தளத்தில் இரண்டு குறியீடுகளையும் கொடுத்தால் கோட்டையும் வரைந்து தூரத்தையும் காட்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை: எந்த அலகில் தூரம் வருகிறது என்று பாருங்கள். சாதாரண மைல் 1.609 கி.மீ., கடல் மைல் 1.852 கி.மீ. விமான உலகம் கடல் மைலில்தான் பேசும். மேலே வந்த 2,925 கி.மீ., மைலில் 1,817, கடல் மைலில் 1,579. மூன்றையும் குழப்பிக்கொண்டு "ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு தூரம் சொல்கிறதே" என்று சண்டை போடுகிறவர்கள் நிறையப் பேர்.

படி 3: உண்மையில் பறக்கிற தூரம்

நேர்த்தூரத்தை அப்படியே எந்த விமானமும் பறப்பதில்லை. காற்று எந்தத் திசையில் இருக்கிறதோ அதை எதிர்த்துத்தான் ஓடுபாதையில் ஏற வேண்டும், இறங்கவும் வேண்டும், அதனால் கிளம்பியதும் ஒரு வளைவு, இறங்கும்முன் ஒரு வளைவு. நடுவில் வகுக்கப்பட்ட வான்வழிகள். எதிரே புயல் மேகம் இருந்தால் சுற்றிப் போவார்கள். சாங்கி மாதிரி நெரிசலான இடத்தில் இறங்க வரிசை இருந்தால் வட்டமடிக்கவும் வைப்பார்கள்.

சென்னை சிங்கப்பூர் நேர்கோடு வங்காள விரிகுடாவைக் குறுக்காகத் தாண்டி, கிரேட் நிகோபாரின் தென்முனைக்குப் பக்கத்தில் போய், சுமத்ராவின் வடகிழக்குக் கரையையும் மலாக்கா நீரிணையையும் ஒட்டி இறங்குகிறது. வழியில் பெரிய தடை எதுவும் கிடையாது. இப்படிப்பட்ட வழிகளுக்கு நான் நேர்த்தூரத்தோடு 3 சதவீதம் சேர்த்துக்கொள்வேன். 2,925 என்பது 3,000 கி.மீ. ஆகும். கணக்குப் போடவும் சௌகரியமான எண்.

எல்லா வழியும் இவ்வளவு சாதுவாக இருக்காது. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டதும், ஃபின்லாந்து நாட்டு நிறுவனமான ஃபின்ஏரின் ஹெல்சிங்கி டோக்கியோ விமானம் ஒன்பதரை மணி நேரத்திலிருந்து பதின்மூன்று மணி நேரத்தைத் தொட்டது. ஊர்கள் அதே இடத்தில்தான் இருக்கின்றன, நேர்த்தூரமும் அதேதான். 2025 ஏப்ரல் இறுதியில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒருவர் விமானத்துக்கு மற்றவர் வானத்தை மூடியபோது, டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்கள் அரபிக்கடல் பக்கம் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. அதனால் மேற்கே போகும் பயணம் என்றால் பழைய நேரத்தை நம்பாதீர்கள், இந்த வாரத்து நேரத்தைப் பாருங்கள்.

படி 4: வேகம்

ஏ320, 737 வகை விமானங்கள் உயரத்தில் ஒலியின் வேகத்தில் 0.78 பங்கு அளவில் பறக்கும், மணிக்கு 830 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். ஏ350, 787 போன்ற பெரியவை 0.85 பங்கு, மணிக்கு 900 கி.மீ. 3,000 கி.மீ. தூரத்துக்கு முதலாவது 3 மணி 37 நிமிடம், இரண்டாவது 3 மணி 20 நிமிடம். பதினேழு நிமிட வித்தியாசம். அதற்காக அதிகப் பணம் கொடுத்து டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏடிஆர் வேறு இனம். விசிறி வைத்த விமானம், மணிக்கு 500 கி.மீ. தான்.

படி 5: காற்று

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

மேலே சொன்ன 830 என்பது விமானம் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குள் போகிற வேகம். அந்தக் காற்றே ஒரு திசையில் ஓடிக்கொண்டிருந்தால்? ஆற்றில் படகு போகிற மாதிரிதான். பின்காற்று 50 கி.மீ. என்றால் தரையைப் பொறுத்த வேகம் 880, எதிர்க்காற்று 50 என்றால் 780. இருக்கைத் திரையில் நாம் பார்ப்பது இந்தத் தரை வேகத்தைத்தான். 3,000 கி.மீ.க்கு 880இல் 3 மணி 25 நிமிடம், 780இல் 3 மணி 51 நிமிடம். ஒரே விமானம், ஒரே வழி, 26 நிமிட வித்தியாசம்.

"கிழக்கே போனால் வேகம், மேற்கே போனால் தாமதம்" என்று பொதுவாக எல்லோரும் சொல்வார்கள். ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் இருக்கும் அட்சரேகைகளில் அது பெரும்பாலும் உண்மை, ஏனென்றால் அங்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்று என்ற மிக வேகமான காற்றோட்டம் ஓடுகிறது. நம் பக்கம் வந்தால் கதை மாறுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழை நேரத்தில், தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு ஜெட் காற்று ஓடும். தரையில் தென்மேற்கிலிருந்து வீசும்போது மேலே நேர் எதிராக! இந்திய வானிலையாளர் கோடேஸ்வரம் 1958இல் இதை விவரித்து எழுதினார். அதன் மையம் 14 கி.மீ.க்கும் மேலே, பயணிகள் விமானம் பறப்பது 11, 12 கி.மீ. உயரத்தில், ஆகவே அதன் அடிப்பகுதிதான் விமானத்தைத் தொடும். அதுவே போதும். ஜூலையில் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. பொது விதியை நம்பினால் இங்கே தலைகீழாகத் தப்பு வரும்.

காற்றின் வலிமைக்கு இன்னொரு உதாரணம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏர் இந்தியாவின் டெல்லி சான்ஃபிரான்சிஸ்கோ விமானம் முன்பு அட்லாண்டிக் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது, சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் பசிபிக் பக்கமாக, பின்காற்றோடு போனார்கள். தூரம் 15,300 கி.மீ., அதாவது 1,400 கி.மீ. அதிகம். ஆனால் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது, பழைய வழியை விடச் சீக்கிரம். நேர்த்தூரம் என்று கணக்குப் போட்டால் வெறும் 12,400 கி.மீ. தான் வரும். தூரம் குறைந்தால் நேரமும் குறையும் என்று நினைக்கிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இந்த ஒரு விமானத்தைத்தான்.

படி 6: தரையில் கழியும் நேரம்

ஏறும்போதும் இறங்கும்போதும் விமானம் முழு வேகத்தில் போகாது. அதற்கு ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் சேருங்கள். 3 மணி 37 நிமிடம் இப்போது 3 மணி 50 ஆகிறது. இது சக்கரம் தரையை விட்டதிலிருந்து திரும்பத் தொடும் வரையான நேரம்.

டிக்கெட்டில் இருப்பது இது இல்லை. நிற்கும் இடத்திலிருந்து விமானத்தைப் பின்னால் தள்ளும் நிமிடத்திலிருந்து, அங்கே போய் நின்று பிரேக் போடும் நிமிடம் வரைக்கும் சேர்த்துதான் டிக்கெட் நேரம். பிளாக் டைம் என்பார்கள். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கியபின் நிலையம் வரை ஊர்வது எல்லாம் சேர்ந்து இன்னும் 25 நிமிடம். ஆக 4 மணி 15 நிமிடம். அதற்கு மேல் தாமதத்துக்கென்று விமான நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டிப் போடும், அதனால்தான் சிலதில் நாலரை.

குறுகிய தூரத்தில் இந்தப் பகுதியின் எடை ரொம்ப அதிகம். யாழ்ப்பாணக் கணக்கில் 355ஐ 500ஆல் வகுத்தால் 43 நிமிடம் வரும், டிக்கெட்டிலோ ஒன்றேகால் மணி நேரம் அளவில் இருக்கும். முக்கால் மணியைப் பார்த்துவிட்டு அரை மணி நேரத்தை யாரோ திருடிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம்.

படி 7: கடிகாரத்தைச் சரிசெய்வது

சிங்கப்பூர் நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. (1982க்கு முன்பு இரண்டு மணி நேரம்தான். அந்த ஆண்டு ஜனவரி 1இல் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொண்டார்கள்.) சென்னையில் காலை 10:00க்குக் கிளம்பினால் 4:15ஐக் கூட்டி, 2:30ஐயும் கூட்டி, அங்கே மாலை 4:45. திரும்பும்போது மாலை 6:00க்குக் கிளம்பினால் 4:15ஐக் கூட்டி 2:30ஐக் கழித்து, இங்கே இரவு 7:45.

கடிகாரத்தை மட்டும் பார்த்தால் போக 6 மணி 45 நிமிடம், வர 1 மணி 45 நிமிடம் ஆன மாதிரி இருக்கும். இதிலேயே ஒரு நல்ல வித்தை ஒளிந்திருக்கிறது. இரண்டையும் கூட்டினால் எட்டரை மணி, பாதியாக்கினால் 4:15, அதுதான் சராசரிப் பயண நேரம். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் ஐந்து மணி, பாதியாக்கினால் 2:30, போகவும் வரவும் ஏறக்குறைய ஒரே நேரம் ஆகிறது என்றால் அதுதான் நேர வித்தியாசம். நேர மண்டலமே தெரியாத ஊருக்குக்கூட போக வர டிக்கெட் இரண்டை மட்டும் வைத்து இப்படி ஏறக்குறையக் கண்டுபிடித்துவிடலாம்.

யாழ்ப்பாணத்துக்கு இந்தக் கவலை இல்லை, இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம். லண்டனுக்கு மட்டும் கவனம்: மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி வித்தியாசம், மற்ற மாதங்களில் ஐந்தரை.

படி 8: நிஜத்தோடு ஒத்துப் பார்ப்பது

உங்கள் விமான எண்ணை ஃபிளைட்ரேடார்24 தளத்தில் கொடுத்தால் கடந்த சில நாட்களில் அது எத்தனை மணிக்கு உண்மையில் கிளம்பியது, எத்தனை மணிக்கு இறங்கியது என்று வரிசையாக வரும். ஒரு வாரத்தைப் பாருங்கள். தினமும் அரை மணி தாமதமாகக் கிளம்புகிற விமானம் உங்கள் நாளிலும் அப்படித்தான் கிளம்பும் என்று வைத்துக்கொள்வது நல்லது, அதுவும் அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியிருந்தால் கட்டாயம் பாருங்கள்.

படி 9: வாசலிலிருந்து வாசல் வரை

திருச்சியிலிருந்து சாங்கி 2,980 கி.மீ., சென்னையை விட 55 கி.மீ. அதிகம். திருச்சி தெற்கே இருக்கிறதே, கிட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். தெற்கே இருக்கிறது, ஆனால் மேற்கேயும் தள்ளி இருக்கிறது, சிங்கப்பூரோ கிழக்கே. சரி, அந்த 55 கி.மீ. விமானத்துக்கு நாலு நிமிடம். தஞ்சாவூரிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குக் காரில் ஒரு மணி நேரச் சொச்சம், சென்னைக்கோ ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. மூன்று மணி நேரம் முன்னால் போய் நிற்க வேண்டும், அங்கே இறங்கி இமிகிரேஷன், பெட்டி, டாக்ஸி என்று இன்னொரு ஒன்றரை மணி நேரம். வயதானவர்களை அனுப்பும்போது பார்க்க வேண்டியது இந்த மொத்தக் கணக்கைத்தான், மாத்திரையும் சாப்பாடும் அதை வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

அம்மா அடுத்த முறை திருச்சியிலிருந்து வந்தார். ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி அவர் கைப்பையில் வைக்கச் சொன்னேன்: "கதவு சாத்திய பிறகும் அரை மணி நேரம் தரையிலேயே நிற்கலாம், பயப்பட வேண்டாம். மேலே ஏறினதும் உன் கடிகாரத்தைப் பார், அதிலிருந்து நாலு மணி நேரம், மழைக்காலம்கிறதால இன்னும் கால் மணி கூட ஆகலாம். கடிகாரத்தை மாற்றாதே, நம்ம ஊர் நேரமே இருக்கட்டும். நான் வெளியே நிற்கிறேன்."

அந்தத் தாளை இறங்கும்வரை கையிலேயே வைத்திருந்தாராம். நாலு மணி பத்து நிமிடத்தில் சக்கரம் தரையைத் தொட்டது என்று வெளியே வந்ததும் அவரே என்னிடம் சொன்னார்.